குளம் எங்கே போச்சு?

நாகர்கோவிலில் பஸ் ஏறி, 'செட்டிகுளம் ஒண்ணு' என்று டிக்கெட் கேளுங்கள். கண்டக்டர் உங்களைச் சரியாக ஒரு ஜங்ஷனில் இறக்கிவிடுவார். கடைகள், ஆட்டோக்கள், ஹாரன் சத்தம். குளம்? அது ஊர்ப் பெயரில் மட்டும்தான் இருக்கிறது!

சென்னைவாசிகள் சிரிக்க வேண்டாம். 1920-களில் தியாகராய நகர் பிறந்ததே மாம்பலம் ஏரியை வற்ற வைத்துத்தான். நுங்கம்பாக்கத்தில் 'லேக் ஏரியா' என்று விலாசம் எழுதுகிறவர்களுக்கும் இதே கதைதான். பெயர் மிச்சம், தண்ணீர் போச்சு. அந்தத் தண்ணீர் உட்கார்ந்திருந்த மண் எங்கே போச்சு? எங்கும் போகவில்லை. நம் வீட்டு ஹாலுக்குக் கீழேதான் இருக்கிறது.

இந்த மண்ணை யார் சோதிக்க வேண்டும் என்பதுதான் இந்த வாரக் கேள்வி.

நான் பி.காம். ஆசாமி. அக்கவுண்டன்சியில் முதல் வருஷமே சொல்லித் தரும் பாடம் ஒன்று உண்டு. கல்லாப்பெட்டி சாவியை வைத்திருப்பவரிடமே கணக்குப் புத்தகத்தையும் கொடுக்காதே. தணிக்கையை எப்போதும் மூன்றாவது ஆளிடம் விடு. கேஷியர் ரொம்ப நல்லவராகவே இருக்கட்டும், தன் தப்பு தன் கண்ணுக்குத் தெரியாது. நூறு ரூபாய் வவுச்சருக்கே இத்தனை கெடுபிடி!

நில விஷயத்துக்கு வாருங்கள். புறம்போக்குக்குக் காவல்காரர் அரசாங்கம். மனை பிரித்து வீடு கட்டி விற்பதும், பக்கத்திலேயே ரோடு போடுவதும் அரசாங்கம். எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது? அதுவும் அரசாங்கம்தான். துறைகள் வேறு வேறு என்பார்கள். கல்லாப்பெட்டி ஒன்றுதானே?

இது இன்று நேற்று வந்த வழக்கம் இல்லை. கொஞ்சம் பின்னால் போவோம்.

'நாஞ்சில்' என்றால் கலப்பை. தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் சேர்ந்ததுதான் நாஞ்சில் நாடு. திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கே சோறு போட்ட பூமி. பழையாற்றுத் தண்ணீர் ஒரு குளத்தை நிரப்பும். அது மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகும். அங்கிருந்து இன்னொன்றுக்கு. இப்படிச் சங்கிலி போட்டதுபோலக் குளங்கள்.

1860-ல் திருவிதாங்கூர் மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா காலத்தில் ஒரு பெரிய திட்டம் தொடங்கினார்கள். திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியாக இணைக்க வேண்டும். அந்தக் காலத்து நான்குவழிச் சாலை என்று வைத்துக்கொள்ளுங்களேன். பெயரும் பிரமாதம்: அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய். பத்மநாப சுவாமி, இங்கிலாந்து மகாராணி, மன்னர் ஆகிய மூன்று பேரையும் ஒரே பெயரில் அடக்கிவிட்டார்கள்!

பூவாரிலிருந்து குளச்சல் வட்டாரம் வரை கால்வாய் வந்தது, வள்ளங்கள் ஓடின. கன்னியாகுமரி வரை முழுதாக நீளவே இல்லை. இன்று போய்ப் பார்த்தால் பல இடங்களில் மண் மூடி, புதர் மண்டி, ஆக்கிரமிப்பில் கிடக்கிறது. கடலோர மணலுக்கு ராஜா, ராணி வித்தியாசம் தெரியாது பாருங்கள்.

அடுத்த சம்பவம் 1865. திவான் மாதவ ராவ் காலம். சர்க்கார் நிலத்தைக் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தவர்களுக்கு அந்த நிலத்தின் மீது முழு உரிமை கொடுத்து ஒரு பிரகடனம் வந்தது. பண்டாரவகைப் பாட்டப் பிரகடனம் என்று பெயர். விற்கலாம், வாங்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். இந்தியாவில் பல இடங்களில் விவசாயி ஜமீன்தார் முன்னால் கைகட்டி நின்ற காலத்தில் இது நிஜமாகவே பெரிய காரியம்.

அன்றிலிருந்து நம் ஆட்களுக்குப் பத்திரத்தின் மேல் ஒரு பக்தி. தப்பில்லை. ஆனால், பத்திரத்துக்கு ஒரு குறை உண்டு. நிலம் யாருடையது என்று அது சொல்லும். நிலம் எப்படிப்பட்டது என்று சொல்லாது. வில்லங்கச் சான்றிதழைப் புரட்டினால் அடமானம் தெரியும், களிமண் தெரியாது!

களிமண் என்ன செய்யும்? குளத்தடி மண் பெரும்பாலும் வண்டலும் களியும்தான். மழையில் தண்ணீர் குடித்து உப்பும். கோடையில் சுருங்கும். அதன் மேல் லாரி லாரியாகச் செம்மண் கொட்டி நிரவினால் பார்வைக்கு ஜோரான மனை. ஆனால், கொட்டிய மண் தன் கனத்தாலேயே வருஷக்கணக்கில் அமுங்கிக்கொண்டே போகும். வீடு முழுவதும் ஒரே மாதிரி அமுங்கினால்கூடப் பிழைத்தோம். ஒரு மூலை அரை அங்குலம், இன்னொரு மூலை இரண்டு அங்குலம் என்று இறங்கும்போதுதான் வினை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் கிளம்பும். நாம் வெள்ளையடித்து மறைப்போம். அடுத்த வருஷம் அது மறுபடி வரும்.

விரிசலோடு போனால் சரி. 2014 ஜூன் 28 ஞாபகம் இருக்கிறதா? சென்னை போரூர் ஏரிக்குப் பக்கத்தில், மௌலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் குடியிருப்பு ஒரு மழை நாளில் அப்படியே உட்கார்ந்தது. 61 பேர் செத்தார்கள். பலரும் பிழைப்புக்காக வந்த கட்டடத் தொழிலாளிகள். கட்டியது தனியார்தான். ஆனால் அனுமதி கொடுத்தது அரசு அமைப்பு. விழுந்த பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி ரகுபதி தலைமையில் விசாரணைக் கமிஷன் போட்டதும் அரசு. பக்கத்தில் நின்ற இன்னொரு 11 மாடியை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

அரசாங்கமே கட்டினால்? 2021-ல் சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில், கை பட்டாலே சுவர்ப்பூச்சு உதிர்கிறது என்று குடியேறிய ஏழைகள் கூக்குரல் போட்டார்கள். டி.வி.யில் வந்தது, சட்டசபையிலும் பேசினார்கள். அதற்குப் பிறகுதான் ஐ.ஐ.டி. நிபுணர்களை அழைத்துத் தரத்தை ஆராயச் சொன்னார்கள். மூன்றாவது ஆள் வந்தார், வாஸ்தவம். ஆனால், சாவி கொடுப்பதற்கு முன்னால் வந்திருக்க வேண்டிய ஆள் அவர்!

தாமதம் நம் தேசிய குணமோ என்னமோ. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2009-லேயே தமிழக அரசு பதிவுச் சட்டத்தில் 22-ஏ என்றொரு பிரிவைச் சேர்த்தது. அது நடைமுறைக்கு வந்தது எப்போது தெரியுமா? 2016 அக்டோபரில். அதுவும், அதற்கு முந்தைய மாதம் சென்னை உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட மனைகளின் பதிவுக்கே தடை போட்ட பிறகு! ஏழு வருஷம் சட்டம் பீரோவில் தூங்கியது. அந்த ஏழு வருஷத்தில் எத்தனை வயலில் மஞ்சள் கல் நட்டிருப்பார்கள்?

இனி ரோட்டுக்கு வருவோம். குமரி மாவட்டத்தில் கேரள எல்லையிலிருந்து கன்னியாகுமரி வரை நான்குவழிச் சாலை. தேவையான சாலைதான், சந்தேகமில்லை. களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வருவதற்குள் இடுப்பு கழன்றுவிடுகிறது என்று புலம்பாத ஆளே அங்கு கிடையாது. ஆனால், வழி நெடுகக் குளமும் வயலும் வாழைத் தோட்டமும். 'குளத்தை மண் போட்டு மூடாதீர்கள், அந்த இடங்களில் பாலம் கட்டுங்கள்' என்று விவசாயிகள் போராடினார்கள். மேடு எழுப்ப மண் கிடைக்காமலும் வேலை வருஷக்கணக்கில் இழுத்தது.

அந்த விவசாயி கேட்டது தன் வயலுக்குத் தண்ணீர். கூடவே, ரோட்டுக்கும் ஆயுள் கேட்டிருக்கிறார் என்பது எத்தனை பேருக்குப் புரிந்தது? களிமண் மேல் எழுப்பிய மேடு மெல்ல மெல்ல இறங்கத்தான் செய்யும்.

பாலம் கட்டிவிட்டால் மட்டும் கண்காணிப்பு முடிந்துவிடுமா? மார்த்தாண்டம் மேம்பாலம் 2018 கடைசியில் திறக்கப்பட்டது. 2024 மே மாதம் பாலத்தின் மேல் தளத்தில் ஓட்டை விழுந்து, போக்குவரத்தை நிறுத்த வேண்டி வந்தது. ஆறு வருஷம்கூட நிறையவில்லை.

சரி, நிபுணர்கள் முன்கூட்டியே எச்சரித்தால் போதுமா? இதற்குப் பதில் தேடி இமயமலை வரை போக வேண்டும். உத்தரகண்டில் ஜோஷிமட் என்ற ஊர். பழைய நிலச்சரிவின் குவியல் மேல் உட்கார்ந்திருக்கிற ஊர். 'இங்கே கனமான கட்டடம் வேண்டாம், வெடி வைக்க வேண்டாம்' என்று மிஸ்ரா கமிட்டி எழுதிக் கொடுத்த வருஷம் 1976. அப்புறம் ஹோட்டல்கள் வந்தன, சாலை வேலை வந்தது, நீர்மின் திட்டம் வந்தது. 2023 ஜனவரியில் எண்ணூறுக்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல். தணிக்கை அறிக்கை பத்திரமாக இருந்தது, படிக்கத்தான் ஆள் இல்லை.

எல்லாக் கதையும் இப்படித்தானா? இல்லை. 1906-ல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணை நூறு வருஷம் தாண்டி நிற்கிறது. கட்டிய இன்ஜினீயர் மிஞ்சின் 1913-ல் இறந்து, அந்த அணைக்குப் பக்கத்திலேயே புதைக்கப்பட்டிருக்கிறார். தான் கட்டியதன் அருகிலேயே தூங்கத் துணிந்த மனுஷர்! ஆனால், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மிஞ்சின் கிடைப்பார் என்று நம்பி ஒரு நாடு பட்ஜெட் போட முடியாது. அதற்குத்தான் தணிக்கை.

நீங்கள் என்ன செய்யலாம்? மூணு சென்ட் வாங்கினாலும் பத்திரத்தோடு நிற்காதீர்கள். கிராமப் பழைய பதிவேட்டில் அந்த சர்வே எண் என்னவாக இருந்தது என்று பாருங்கள். மண் பரிசோதனை அறிக்கை கேளுங்கள். விற்பவர் வீட்டுவசதி வாரியமாக இருந்தாலும் கேளுங்கள். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் அரசு அமைப்புகளையும் கட்டுப்படுத்தும். கட்டமைப்புக் குறை தெரிந்தால், சாவி வாங்கிய 5 வருஷத்துக்குள் இலவசமாகச் சரிசெய்து கொடுக்க வேண்டும் என்கிறது அது. 'அரசாங்கமே விற்கும்போது என்ன பயம்?' என்று கேட்பவரிடம் கல்லாப்பெட்டிக் கதையைச் சொல்லுங்கள்.

கடைசியாக, பக்கத்து டீக்கடையில் ஒரு டீ சொல்லிவிட்டு அங்கே இருக்கும் வயசானவரிடம் பேச்சுக் கொடுங்கள். 'மக்கா, இது பழைய குளம்லா... நாங்க நீச்சல் பழகினதே இங்கதான்' என்று அவர் சொன்னால் டீக்குக் காசு கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். அட்வான்ஸ் கொடுக்காமல்!