ரோவர் உடம்பு, வேன்கார்டு இதயம்: நம்ம வண்டலூர் காரின் கதை



"பழைய ஸ்டாண்டர்டு 2000 ஒண்ணு வாங்கி, புது எஞ்சின் போட்டு ஓட்டணும்டா. நீ காமர்ஸ் படிக்கிறியே, கணக்குப் போட்டுச் சொல்லு!" இது என் மாமா. சேமிப்புப் பணத்தில் கைவைக்கப் போகிறார். கணக்குப் போடும் முன் கொஞ்சம் வரலாறு பார்த்தேன்.

அமெரிக்காவில் 'மசில் கார்' என்றால் சூத்திரம் எளிது: நடுத்தர சைஸ் கார், அதில் பெரிய எஞ்சின். 1964-ல் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ. இப்படித்தான் பிரபலமானது. நம்ம ஊரில் நடந்தது நேர் எதிர்!

தாம்பரம் தாண்டி, ஜி.எஸ்.டி. சாலையில் பெருங்களத்தூர் - வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது. 1948-ல் பிரிட்டிஷ் கூட்டுறவோடு தொடங்கிய கம்பெனி. 1961-ல் ஹெரால்டு, பிறகு இந்தியாவுக்கென்றே நாலு கதவு ஹெரால்டு, 1972-ல் கெஸல். 1977-க்குப் பிறகு கார் தயாரிப்பு நின்றுவிட்டது.

1985-ல் மறுபடி வந்தார்கள், ஸ்டாண்டர்டு 2000 காரோடு. உடம்பு, பிரிட்டனில் 1976-ல் வெளியான ரோவர் எஸ்.டி.1. 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் விருது வாங்கியது. அங்கே அதில் 3.5 லிட்டர் வி8 எஞ்சின், 155 குதிரை சக்தி. இங்கே போட்டதோ, 1940-களில் உருவான வேன்கார்டு எஞ்சினைத் திருத்தி 2 லிட்டர். சுமார் 83 குதிரை சக்தி. அவ்வளவு பெரிய உடம்பை அந்தக் கிழ எஞ்சின் இழுக்கணும். பெட்ரோலும் நிறைய குடிக்கும். 1983-லேயே மாருதி வந்துவிட்ட நாட்டில் இது எப்படி விற்கும்? 1988-ல் தயாரிப்பு முடிந்தது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கார் இருக்கிறது: கான்டெஸா. அதுவும் 1984-ல் பெரிய உடம்பில் பழைய 1.5 லிட்டர் எஞ்சினோடுதான் வந்தது. ஆனால் சில வருடங்களில் ஜப்பானின் இசுஸு 1.8 லிட்டர் எஞ்சின் போட்டார்கள். 2002 வரை ஓடியது. கம்பெனியே செய்த 'அப்கிரேட்' அது!

அப்போ மாமா சொல்வது சரிதானே? பாதி சரி. எஞ்சின் மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும், ஆர்.சி.யில் பதிய வேண்டும். 2021-ல் வந்த விதிப்படி 50 வயதான காரை 'விண்டேஜ்' என்று பதியலாம். ஆனால் எஞ்சின், சேஸி, பாடியைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. முதலில் விற்ற 1985 காருக்கே 50 வயதாக 2035 ஆகும். இன்று எஞ்சினை மாற்றினால் அந்த வாய்ப்பும் போச்சு.

உதிரி பாகம்? தொழிற்சாலையில் மிஞ்சியதை பிரிட்டனின் ரிம்மர் பிரதர்ஸ் வாங்கிக்கொண்டு போனது. வண்டலூரில் அடித்த தகடு இங்கிலாந்து ரோவர்களுக்குப் போகிறது. பக்கத்து ஊர்க்காரரான மாமா அதைக் கடல் தாண்டித்தான் வரவழைக்கணும்!

என் கணக்கு இதுதான்: காரின் விலை வெறும் முன்பணம். தினமும் ஓட்டத்தான் கார் என்றால் எஞ்சினை மாற்று. வரலாறுதான் வேண்டும் என்றால் அந்தக் கிழ எஞ்சினைத் தொடாதே. அந்தப் பொருத்தமில்லாத ஜோடிதான் அந்தக் காரின் வரலாறே.

மாமாவிடம் இதையே சொன்னேன். ரெண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறார். தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது ஐ.டி. கட்டடங்களும் அடுக்குமாடி வீடுகளும். அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் ஒரு நிமிஷம் எட்டிப் பாருங்கள்!