நாணற்பாம்பு என்று தவறாக எண்ணப்பட்ட மரப்பாம்பு

திருவனந்தபுரம் ஆரியசாலைக் கடைவீதிக்கு ஒரு காலத்தில் நாஞ்சில் நாட்டு நெல் வண்டி வண்டியாக வந்து இறங்கியது. விளைந்த நாட்டின் பெயரோடே விலைபோனது. அந்நெல் வந்த கன்னியாகுமரிப் பகுதியின் மண்ணுக்குள் வாழும் ஒரு சாண் பாம்புக்கோ 2021 வரை அறிவியற்பெயர் கிடைக்கவில்லை. இக்காலத்தாழ்வுக்குக் காரணம் அப்பாம்பின் அருமை மட்டுமன்று. தோற்றத்தைக் கொண்டு உறவை முடிவுசெய்த பழைய வழக்கமும் ஆகும்.

1827இல் ஹைன்ரிச் போயேயின் ஆய்வு வழியாகக் கலமாரியா என்னும் பேரினம் அறிமுகமாயிற்று. நாணலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் அடியாகப் பிறந்த பெயர் அது. கழுத்தினின்று பிரித்தறிய இயலாத சிறுதலை, மழமழப்பான உருண்டை உடல், குட்டை வால் ஆகியவை இந்நாணற்பாம்புகளின் அடையாளங்கள். அறுபதுக்கு மேற்பட்ட இவற்றின் இனங்கள் பெரும்பாலும் தென்கிழக்காசியாவில் வாழ்கின்றன.

மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இதே சாயலுடைய பாம்புகள் அகப்பட்டன. ஆல்பர்ட் குந்தர் 1864இல் வெளியிட்ட இந்திய ஊர்வன பற்றிய நூல் அவற்றை நாணற்பாம்புக் குடும்பத்தில், ஜியோஃபிஸ் என்னும் பேரினத்தின்கீழ் வைத்தது. இன்று அப்பெயர் அமெரிக்கக் கண்டத்துப் பாம்புகளுக்கே உரியது. 1875இல் அவர் மேலும் ஓர் இனத்தை விவரித்தபோது, அது கிடைத்த இடமாகக் குறிக்கப்பட்டது ‘திருவிதாங்கூர்’ மட்டுமே. எந்த மலை, எந்த ஊர் என்ற குறிப்பில்லை. ஒரு நாடே முகவரியாயிற்று.

1878இல் வன அதிகாரி பெடோம் இப்பாம்புகளுக்கெனச் சைலோஃபிஸ், அதாவது மரப்பாம்பு, என்னும் தனிப் பேரினத்தை வகுத்தார். ஆரியசாலைக்கு வடக்கே சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள அருங்காட்சியகத்தின் ஹெரால்டு பெர்குசன், 1888 முதல் 1895 வரை திருவிதாங்கூரில் பிடிபட்ட பாம்புகளைப் பட்டியலிட்டார். ஆயினும் மரப்பாம்புகளின் உண்மையான சுற்றம் எது என்னும் வினா எஞ்சியே நின்றது.

விடை 2018இல் கிடைத்தது. மரபணு ஆய்வு அவற்றின் நெருங்கிய உறவாகக் காட்டியது நாணற்பாம்புகளை அன்று. நத்தை தின்னும் தென்கிழக்காசியப் பாம்புகளை! மண்ணுக்குள் வாழும் வாழ்க்கை வெவ்வேறு குலத்தவரை ஒரே வடிவுக்குக் கொண்டுவந்திருந்தது. ஒலி ஒத்த இரு சொற்கள் ஒரே வேரினவாக இருக்கவேண்டும் என்பதில்லை அல்லவா?

முகவரியின் குறையும் மெல்லத் தீர்ந்துவருகிறது. 2007இல் கோட்டயம் மாவட்டத்திலிருந்து ஒன்றும், 2021இல் கன்னியாகுமரித் தென்னந்தோப்பில் முதலில் காணப்பட்ட ‘சைலோஃபிஸ் தீபக்கி’யும் தனி இனங்களாயின. இரண்டும் பழைய திருவிதாங்கூர் மண்ணைச் சேர்ந்தவையே.

நஞ்சற்ற இப்பாம்புகள் ஈரமண்ணில் மண்புழு தேடி வாழ்பவை. தோட்டம் கொத்தும்போது வெளிப்பட்டால், கொடும்பாம்பின் குட்டியென்று அஞ்சி அடித்துவிடுகின்றனர். பெயரில்லா உயிர் எந்தக் காப்புப் பட்டியலிலும் இடம்பெறாது. பெயர் பெற்றபின்னும், அதை மண்வெட்டி பிடித்தவர் அறியாதவரை அவ்வுயிருக்குப் பாதுகாப்பு இல்லை.