கடல் கடந்த சீனர்கள் – 7: காசோடு வந்த கடிதம்

சாந்தோவ், சியாமென் துறைமுகங்களில் கப்பலேறியவர்களைப் போன வாரம் பார்த்தோம். சிங்கப்பூரில் மூட்டை தூக்கி நாலு காசு சேர்ந்ததும் அவர்கள் தேடிப் போனது, கடைவாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த கடிதம் எழுதுபவரைத்தான். அம்மாவுக்கு இவ்வளவு, பெரியப்பாவுக்கு இவ்வளவு என்று இவர் சொல்லச் சொல்ல, அவர் தூரிகையால் எழுதுவார். உள்ளே நலம் விசாரிப்பு. உறையின் மேல் அனுப்பும் தொகை. கடிதமும் காசும் ஒன்றாகப் போன இதற்குப் பெயர் 'சியாவ்பி'. தென்சீனப் பேச்சுவழக்கில் கடிதத்தைத்தான் 'பி' என்பார்கள்.

முதலில் ஊருக்கும் அக்கரைக்கும் போய்வந்துகொண்டிருந்த நம்பிக்கையான ஆட்கள் இதைச் சுமந்தார்கள். பிறகு இதற்கென்றே கடைகள் வந்தன. நம் உண்டியல் போல, எல்லாம் ஒரே ஊர், ஒரே பேச்சு என்ற நம்பிக்கையில் நடந்த தொழில். தபால்காரர் கிராமம் கிராமமாக நடந்து காசைக் கொடுப்பார். எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்குக் கடிதத்தைப் படித்துக் காட்டி, பதிலும் எழுதி வாங்கிக்கொள்வார். அந்தப் பதில்தான் ரசீது. அது சிங்கப்பூர் வந்து சேர்ந்தால்தான் மகனுக்கு நிம்மதி.

1876 டிசம்பரில் சீனர்களின் கடிதங்களுக்கென்று ஆங்கில அரசு சிங்கப்பூரில் தனித் தபால் நிலையம் திறந்தபோது கலவரமே வெடித்தது. தங்கள் பிழைப்பு போய்விடும் என்று அஞ்சிய வணிகர்கள் தூண்டிவிட்டார்கள். கூட்டம் தபால் நிலையத்தைத் தாக்கியது.

கடல் கடந்தவர்கள் தடையின்றித் தாயகம் திரும்பலாம் என்று சீனாவை ஆண்ட சிங் அரசு முறைப்படி அனுமதித்ததோ 1893ல்தான். அரசு அவர்களை ஏற்றுக்கொள்ளும் முன்பே, அவர்கள் அனுப்பிய காசில் வீட்டில் உலை கொதித்துக்கொண்டிருந்தது.

அந்தக் காசுக்கு என்ன மதிப்பு என்பதைப் போர் காட்டியது. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை தென்கிழக்காசியாவில் நுழைந்ததும் கடல்வழி அடைபட்டது. வியட்நாம் எல்லையில் உள்ள தோங்சிங் வழியாகச் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் பணம் போய்ச் சேர்ந்தது. அது போதவில்லை. 1943ல் சாந்தோவ் வட்டாரத்தைப் பஞ்சம் பிடித்தபோது, அக்கரைக் காசையே நம்பியிருந்த குடும்பங்கள் பட்டினியில் விழுந்தன.

எஞ்சிய 1,50,000க்கும் மேற்பட்ட கடிதங்களை 2013ல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அவற்றில் மன்னர்கள் இல்லை, போர்த் தளபதிகள் இல்லை. பாட்டிக்கு இரண்டு வெள்ளி, அத்தைக்கு ஒரு வெள்ளி என்ற பங்கீடுதான் இருக்கிறது. குடியேற்றத்தின் வரலாற்றை நான் முதலில் அங்கேதான் படிக்கச் சொல்வேன்.

அடுத்த வாரம்: மலாயாவின் ஈயச் சுரங்கங்களுக்குப் போவோம்.

(தொடரும்)