குழாயை மூடிய வைத்தியம்

பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் நிற்பவர்களுக்கு சந்தேகம்தான் சம்பளம். ஓட்டை, நீடில் லைன், எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம், ஷேடு மாறினது... ஒரு பீஸை எடுத்தால் உள்ளே வெளியே திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. ஷிப்ட் முடிந்தும் அந்த சந்தேகம் கூடவே வீட்டுக்கு வந்தால்? கேஸை மூடினோமா, பூட்டினோமா, கை சுத்தமாச்சா, இன்னொரு தடவை, இன்னும் ஒரே ஒரு தடவை... இதற்கு எண்ணச் சுழற்சி நோய் என்று தமிழில் பேர். ஓ.சி.டி. என்றால் சட்டென்று புரியும். (பேனாவை நேராக அடுக்கி வைத்துவிட்டு "எனக்கும் கொஞ்சம் ஓ.சி.டி. இருக்குப்பா" என்கிற மக்கள் கடைசி பெஞ்சுக்குப் போகவும் :-))

செக்கிங் வேலையால் நோய் வருகிறது என்று சொல்லவில்லை. அப்படி இருந்தால் திருப்பூரில் பாதி ஊர் படுத்திருக்கும். ஆனால் நோய் வந்தவர் இந்த வேலையில் இருந்தால் யாருக்குமே தெரியாது. சூப்பர்வைசர் பாராட்டுவார்!

மாத்திரைக் கதை தனிக் கதை, அதை இன்னொரு நாள் பார்ப்போம். இப்போது மாத்திரை இல்லாத பக்கம்.

1907 அக்டோபரில் வியன்னாவில் எர்ன்ஸ்ட் லான்சர் என்ற இளம் வக்கீல் ஃப்ராய்டைத் தேடி வந்தார். எலிகளை வைத்துச் செய்கிற ஒரு கொடூர தண்டனையைப் பற்றி ஒரு ராணுவ அதிகாரி சொல்லக் கேட்டிருக்கிறார். அது தன் அப்பாவுக்கும் காதலிக்கும் நடந்துவிடுமோ என்ற எண்ணம் விடவே இல்லை. இதில் கூத்து என்னவென்றால், அப்பா இறந்து பல வருடம் ஆகியிருந்தது. 1909-ல் ஃப்ராய்டு இதை எழுதினார், 'எலி மனிதன்' என்று உலகப் புகழ். குணமாகிவிட்டதாகவும் சொன்னார். லான்சர் 1914-ல் போரில் செத்துப் போனார், ஆக அந்தக் குணம் எத்தனை நாள் நின்றிருக்கும் என்று பார்க்க வழியில்லை. அடுத்த ஐம்பது வருடம் இந்த நோய்க்காரர்களைப் படுக்க வைத்து அப்பா, அம்மா, ஆசை என்று பேசிப் பேசியே காலம் ஓடியது. கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் 1922-லேயே உளப்பகுப்பாய்வு சங்கம் ஆரம்பித்தார், நாமும் ஒன்றும் பின்தங்கவில்லை. பேசுகிறவர் தன் கதையைத் தெளிவாகப் புரிந்துகொள்வார், புரிந்துகொண்டே போய் மறுபடியும் கை கழுவுவார்!

நிற்க.

1966-ல் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் ஒரு காரியம் செய்தார். விடாமல் கழுவிக்கொண்டே இருந்த ஒரு பெண்மணியின் அறையில் குழாயை மூடிவிட்டார். அவ்வளவுதான். சோப்பு அளவாக. நர்ஸ்கள் கூடவே இருந்து, அழுக்கென்று அவர் பயந்த பொருளைத் தொட வைத்தார்கள், கழுவ விடவில்லை. கேட்கவே கொடுமையாக இருக்கிறதல்லவா? ஆனால் நடந்தது என்னவென்றால், பதற்றம் ஏறியது, உச்சிக்குப் போனது, பிறகு கழுவாமலேயே இறங்கியது. பயந்த விபரீதம் எதுவும் வரவில்லை. கழுவினால்தான் பயம் போகும் என்று மூளை நம்பிக்கொண்டிருந்த கணக்கு அங்கே உடைந்தது. 1974-ல் மேயரும் சகாக்களும் 15 பேரின் முடிவை வெளியிட்டார்கள். 10 பேருக்கு நல்ல முன்னேற்றம், சில வருடம் கழித்தும் மறுபடி விழுந்தவர்கள் இரண்டே பேர். வைத்தியமே இல்லை என்று கைவிட்ட நோய்க்கு இது!

பிறகு அதே லண்டனில் மாட்ஸ்லி மருத்துவமனையில் ராக்மன், ஹாட்சன், மார்க்ஸ் மூவரும் 1970-களில் இதை முறையாகச் சோதித்தார்கள். வைத்தியரே முதலில் அழுக்கைத் தொட்டுக் காட்டுவார், பிறகு நோயாளி. ஆள் காவலும் கட்டாயமும் குறைந்து, நோயாளி சம்மதித்து, சின்னப் பயத்தில் தொடங்கிப் பெரிய பயத்துக்குப் படிப்படியாக ஏறுகிற முறையாக மாறியது. இதைத்தான் இன்றைக்கு ஈ.ஆர்.பி. என்கிறார்கள்: பயப்படுவதை எதிர்கொள்வது, சடங்கை நிறுத்துவது.

இந்த இடத்தில் நம்ம பக்கத்து ஆள் ஒருத்தர் வருகிறார். இலங்கையில் பிறந்து மாட்ஸ்லியில் வேலை பார்த்த பத்மல் டி சில்வா. 1978-ல் ராக்மனோடு சேர்ந்து, எந்த நோயும் இல்லாத சாதாரண ஜனங்களிடம் போய், கண்ட கண்ட எண்ணம் உங்களுக்கு வருமா என்று கேட்டார். குழந்தையைக் கீழே போட்டுவிடுவேனோ, சாமி முன்னால் ஆபாசமாக ஏதாவது தோன்றுமோ, இந்த மாதிரி. ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் ஆமாம் என்றார்கள்! எண்ணம் எல்லோருக்கும் ஒரே சரக்குதான். அதைத் தட்டிவிட்டுப் போகிறோமா, பிடித்துக்கொண்டு உட்காருகிறோமா என்பதில்தான் வித்தியாசம். இந்த ஒரு தகவல் தெரியாமல், 'நான் ராட்சசன்' என்று நினைத்துக்கொண்டு வாய் திறக்காமல் செத்தவர்கள் எத்தனை பேரோ. 1985-ல் சல்கோவ்ஸ்கிஸ் இதன் மேல் இன்னொரு அடுக்கு வைத்தார்: எது நடந்தாலும் பொறுப்பு என் தலையில்தான் என்ற மிகைப்பட்ட பொறுப்புணர்ச்சி.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் லைனில் குடியிருந்த ஒரு அக்கா ஞாபகம்தான். செக்கிங்கில் பதினைந்து வருடம். ஒரு கட்டத்தில் பார்த்து முடித்த பண்டலையே பிரித்துப் பிரித்துப் பார்த்து, பீஸ் ரேட்டில் பாதிக்கூலி கூட வராமல், வேலைக்கே போகாமல் நின்றுவிட்டார். வீட்டில் கோவைக்குக் கூட்டிப் போனார்கள், வாரம் ஒரு நாள் இந்த வைத்தியம். நாலைந்து மாதம் கழித்து அவர் சொன்னது: "லாட்டுக்கு ஏழு பீஸ் போனாலும் பாஸ் பண்ணிப் போட்டுப் போறாங்க தம்பி, எனக்கு மட்டும் ஒண்ணுகூடப் போகக்கூடாதுன்னா எப்படீங்?"

தொழிலில் இல்லாதவர்களுக்கு: 3,000 பீஸ் லாட் என்றால் பையர் க்யூ.சி. 125 பீஸை உருவிப் பார்ப்பார். ஏ.க்யூ.எல். 2.5 என்றால் ஏழு டேமேஜ் வரை பாஸ், எட்டு வந்தால் ஃபெயில். அமெரிக்க ராணுவம் 1950-ல் தளவாடம் வாங்கப் போட்ட அட்டவணையின் வழி வந்தது. உலகத்தில் எந்தக் கண்டெய்னரும் நூறு சதவீத நிச்சயத்தோடு கப்பல் ஏறுவதில்லை. அக்கா அதைப் பிடித்துக்கொண்டார்.

நம்ம ஊரில் சிக்கல் வேறு இடத்தில். மேயருக்கு நர்ஸ் இருந்தார், நமக்குக் குடும்பம். "பூட்டியாச்சு, நான் பாத்துட்டேன்" என்று பத்து தடவை சொல்கிற புருஷன், வாசலிலேயே துணி மாற்றிக்கொண்டு வருகிற பிள்ளை. பாசத்தில் செய்வதுதான், ஆனால் அதுவும் சடங்கில் பங்கு. வேலூர் சி.எம்.சி. 1957-லேயே மனநல மையம் ஆரம்பித்து, நோயாளியோடு குடும்பத்தையும் தங்க வைத்தது இங்கே ரொம்பப் பொருந்தும் என்பது என் கட்சி. இன்னொரு சிக்கல் மடி, ஆசாரம். வங்காளத்தில் இதற்கு 'சுசிபாய்' என்றே பேர். 1975-ல் அஜிதா சக்ரவர்த்தியும் ஜி. பானர்ஜியும் இந்தியன் ஜர்னல் ஆஃப் சைக்யாட்ரியில் அதைப் பற்றி எழுதினார்கள். ஊரே ஆசாரம் என்று மெச்சும்போது எது நோய் என்று யார் சொல்வது? பக்கத்து வீட்டுப் பாட்டி மூன்று தடவை குளித்தால் பக்தி, மருமகள் குளித்தால் பைத்தியம்!

இந்திய மனநல மருத்துவர் சங்கம் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டியில் ஈ.ஆர்.பி. முதல் வரிசை சிகிச்சை. பெங்களூரு நிம்ஹான்ஸில் இதற்கென்றே தனி கிளினிக் இருக்கிறது. தேசிய மனநலக் கணக்கெடுப்பு (2015-16) சொல்வது சுமார் 0.8 சதவீதம், லட்சக்கணக்கில் ஆள் வேலை பார்க்கிற நம்ம பெல்ட்டில் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் இதைச் செய்யத் தெரிந்த உளவியலாளர்கள் குறைவு. இன்னும் சில பேர் கையில் ரப்பர் பேண்ட் மாட்டி, எண்ணம் வரும்போது சுண்டச் சொல்கிறார்கள். நினைக்காதே நினைக்காதே என்றால் அதுதான் நினைப்பில் நிற்கும்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. இதைப் படித்துவிட்டு வீட்டில் யாருக்கும் குழாயை மூடிவிடாதீர்கள். 2022-லிருந்து டெலி மானஸ் என்று அரசு இலவச எண் இருக்கிறது, 14416. தமிழிலேயே பேசுவார்கள். டாக்டரைப் பார்க்கப் போனால் "ஈ.ஆர்.பி. செய்வீங்களா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.