ஐந்து விழுக்காடு அறம்

தமிழில் ‘வீட்டுக்காரர்’ என்னும் சொல் சற்று விசித்திரமானது. வாடகைக்குக் குடியிருப்பவர் உரிமையாளரைச் சுட்டுவதும் அதனால்தான். மனைவி கணவனைச் சுட்டுவதும் அதனால்தான். வீட்டுக்குச் சொந்தக்காரருக்கும் வீட்டில் வாழ்பவருக்கும் இடையே இருப்பது கொடுக்கல் வாங்கல் மட்டுமல்ல, அதிகாரமும் சார்பும் கலந்த உறவு என்பதை இந்தச் சொல் முன்பே அறிந்து வைத்திருப்பதுபோல் தோன்றும். அரிசி பிடிக்கவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போகலாம். குடியிருக்கும் வீட்டை அப்படி மாற்றிவிட முடியாது. பிள்ளைகளின் பள்ளியும் பெரியவர்களின் பிழைப்பும் அதைச் சுற்றியே அமைந்துவிடுகின்றன. எனவே வாடகை வாங்குபவரின் அறம் வணிகரின் அறத்தைவிடக் கடினமானது. அதை ஆராய்வதையே தம் வாழ்நாள் பணியாக்கிக்கொண்ட பெண்மணி ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில் இருந்தார்.

ஆக்டேவியா ஹில் 1838இல் பிறந்தவர். தந்தை வணிகத்தில் நொடித்துப்போனதால் வறுமையும் கடனும் என்னவென்று சிறுவயதிலேயே அறிந்தவர். பதினான்கு வயதில், பொம்மை செய்யும் ஏழைச் சிறுமிகளின் பட்டறையை மேற்பார்வையிடும் வேலை அவருக்கு வாய்த்தது. அச்சிறுமிகளின் வீடுகளைத் தேடிச் சென்றபோதுதான், ஒரே அறையில் ஒரு குடும்பமே முடங்கிக் கிடக்கும் லண்டனை அவர் கண்டார். அந்நகரில் நல்ல வீட்டுக்காரர் ஒருவரையாவது தேடிப் பார்த்துச் சலித்தபின், தாமே அப்படி ஒருவராகிவிடுவது என்று முடிவு செய்தார். கையில் பணமில்லை. பணம் கொடுத்தவர் ஜான் ரஸ்கின்; காந்தியை உலுக்கிய ‘கடையனுக்கும் கடைத்தேற்றம்’ நூலின் ஆசிரியராக நாம் அறிந்த அதே ரஸ்கின்தான். 1864இல் தந்தை இறந்தபின் கைக்கு வந்த சொத்திலிருந்து, மறு ஆண்டு மேரில்போன் பகுதியில் பாரடைஸ் பிளேஸ் என்னும் சந்தில் மூன்று வீடுகளின் குத்தகையை அவர் வாங்கிக் கொடுத்தார். ‘சொர்க்கம்’ என்று பெயர் கொண்ட அந்தச் சந்து உண்மையில் ஒரு சேரி.

ரஸ்கின் ஒரு நிபந்தனை விதித்தார். முதலீட்டுக்கு ஆண்டுதோறும் ஐந்து விழுக்காடு வருவாய் வர வேண்டும். தருமமாக நடந்தால் இது ஒருவரின் பெருந்தன்மையோடு முடிந்துபோகும், ஆதாயத்தோடு நடந்தால் மற்றவர்களும் பின்பற்றுவார்கள் என்பது கணக்கு. ஹில் அந்த ஐந்தைத் தரையாக மட்டுமன்றிக் கூரையாகவும் வைத்துக்கொண்டார். ஐந்துக்கு மேல் கிடைப்பது உரிமையாளருக்குச் சேராது; வீட்டுக்கே திரும்பும். பழுதுபார்ப்புக்கென ஒவ்வொரு வீட்டுக்கும் ஆண்டுத் தொகை ஒன்று ஒதுக்கப்பட்டது. அதில் மிஞ்சுவதை எதற்குச் செலவிடலாம் என்று குடியிருப்போரே சொல்லலாம். சன்னல் கண்ணாடி உடையாமல் இருந்தால் அந்தப் பணம் அலமாரியாக வந்து சேரும். வேலையில்லாக் காலத்தில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும் கூலி குடியிருப்பவருக்கே கிடைக்கும். வாரந்தோறும் வாடகை வசூலிக்க ஹில்லும் அவர் பயிற்றுவித்த பெண்களும் நேரில் சென்றார்கள். ஒழுகும் கூரையையும் அடைத்த சாக்கடையையும் அன்றே கண்ணால் பார்த்தாக வேண்டும் என்பது அந்த ஏற்பாட்டின் உட்பொருள். 1874க்குள் இம்முறையில் சுமார் 3,000 பேர் குடியிருந்தனர்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வாடகை பாக்கி வைப்பவரை ஹில் வெளியேற்றினார். அதில் இரக்கம் காட்டுவது அவர்களையே கெடுக்கும் என்று உறுதியாக நம்பினார். வாடகைப் புத்தகத்தோடு வரும் பெண்மணி, குடியிருப்பவரின் குடிப்பழக்கத்தையும் துப்புரவையும் சேர்த்தே கணக்கெடுத்தார். 1880களில் லண்டன் துறைமுகத்தருகே காதரீன் பில்டிங்ஸில் இதே வேலையைச் செய்த பியாட்ரிஸ் பாட்டர் (பின்னாளில் சிட்னி வெப்பின் மனைவியாகவும் சோஷலிச ஆய்வாளராகவும் அறியப்பட்டவர்) இப்பணியால் வறுமையின் காரணங்களைத் தொடக்கூட முடியாது என்ற ஐயத்தோடுதான் அதைவிட்டு விலகினார். அரசோ நகராட்சியோ வீடு கட்டித் தருவதை ஹில் இறுதிவரை எதிர்த்தார் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ஹில்லின் முயற்சிக்கு இலக்கியத்திலிருந்து வந்த மிகக் கசப்பான எதிர்வினை என்று பெர்னார்ட் ஷாவின் முதல் நாடகமான ‘விடோயர்ஸ் ஹவுசஸ்’ஸைப் படிக்கலாம். 1892இல் மேடையேறியது. இளமையில் டப்ளினில் நில முகவர் ஒருவரின் அலுவலகத்தில் வேலை பார்த்து, ஏழைகளிடம் வாடகை வசூலித்த அனுபவம் ஷாவுக்கு இருந்தது. நாடகத்தில் டிரெஞ்ச் என்னும் இளம் மருத்துவன் ஒரு செல்வந்தரின் மகளை மணக்க விரும்புகிறான். அவருடைய செல்வம் சேரி வாடகையில் விளைந்தது என்று அறிந்ததும் அந்தப் பணத்தைத் தொட மறுக்கிறான். அப்போது அவர் அமைதியாக ஓர் உண்மையைச் சொல்கிறார்: டிரெஞ்சுக்கு ஆண்டுதோறும் வரும் 700 பவுண்டும் அதே சேரி வீடுகளின் அடமானத்துக்கு அவர் கட்டும் வட்டிதான். டிரெஞ்சின் அறச்சீற்றம் அந்த இடத்தில் அடங்கிவிடுகிறது. ஆபத்தான மாடிப்படியைப் பழுதுபார்க்கச் சிறு தொகை செலவழித்த குற்றத்துக்காக வசூல்காரன் வேலையிழப்பதும் அதே நாடகத்தில்தான். தனிமனிதர் கை கழுவிக்கொள்வதால் தீர்கிற சிக்கல் இதுவல்ல என்பது ஷாவின் வாதம்.

ஹில் 1912இல் மறைந்தார். மூன்றே ஆண்டுகளில் அவர் எண்ணிப் பாராத திசையிலிருந்து ஒரு பதில் வந்தது. முதல் உலகப்போரின்போது ஆயுதத் தொழிற்சாலைகளிலும் கப்பல் கட்டும் தளங்களிலும் வேலை தேடி மக்கள் கிளாஸ்கோ நகரில் குவிந்தனர். ஆண்கள் பலர் போர்முனையில் இருக்க, வீட்டுக்காரர்கள் வாடகையை உயர்த்தினர். மேரி பார்பர் போன்ற பெண்கள் தெருத்தெருவாக அணிதிரட்டினர். வெளியேற்ற வரும் அதிகாரியைக் கண்டதும் மணியடிப்பார்கள். மாடிப்படியை அடைத்து நிற்பார்கள். மாவை வாரி வீசுவார்கள். 1915 நவம்பர் 17 அன்று வாடகை தராதவர்கள் நீதிமன்றத்துக்கு அழைக்கப்பட்டபோது, தொழிலாளர்கள் வேலையை விட்டுவிட்டு ஊர்வலமாக வந்தனர். அடுத்த மாதமே பிரிட்டிஷ் நாடாளுமன்றம், சிறிய வீடுகளின் வாடகையைப் போர் தொடங்கிய 1914 ஆகஸ்ட் அளவிலேயே நிறுத்தும் சட்டத்தை நிறைவேற்றியது.

இம்மூன்றையும் அருகருகே வைத்துப் பார்க்கையில், ஹில்லை வெறும் கண்டிப்பான சீமாட்டி என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. தம் ஆதாயத்துக்குத் தாமே ஒரு கூரை போட்டுக்கொள்வதும், ஒழுகும் இடத்தைத் தம் கண்ணால் சென்று பார்ப்பதும் இன்றும் எந்த வீட்டுக்காரருக்கும் பொருந்தும் அறம்தான். ஆனால் அந்த ஐந்து விழுக்காடு ஹில்லின் மனத்தில் இருந்ததே தவிர, குடியிருந்தவரின் கையில் இல்லை. அடுத்து வரும் உரிமையாளர் அதைப் பத்தாக்கினால் கேட்க அவர்களுக்கு வழியில்லை. கிளாஸ்கோ பெண்கள் கேட்டது நல்ல வீட்டுக்காரரை அல்ல. வீட்டுக்காரர் நல்லவராக இல்லாத நாளிலும் தங்களைத் தெருவில் நிறுத்தாத ஒரு விதியை.

பாரடைஸ் பிளேஸ் இன்று கார்பட் பிளேஸ் என்னும் பெயரோடு இருக்கிறது. ஹில்லின் பணி இங்கே தொடங்கியது என்று அங்கு ஒரு நீலப் பலகை சொல்கிறது. வாரந்தோறும் அவரிடம் வாடகையை எண்ணிக் கொடுத்தவர்களின் பெயர்கள் அதில் இல்லை.