பத்தாயிரத்தில் ஒருவர்

சரித்திரம் என்றால் பட்டாபிஷேகமும் படையெடுப்புந்தான் என்று எண்ணுகிறவர்கள் இந்தப் பக்கங்களைத் தாராளமாகப் புரட்டிவிட்டுப் போகலாம். நான் சொல்ல வந்தது 2018-ம் வருஷம் அக்டோபர் மாதம் தொடங்கி ஆறு வார காலம் நடந்த ஒரு சங்கதி. அதில் ராஜாவும் இல்லை, மந்திரியும் இல்லை. ஒரு சொட்டு ரத்தங்கூடச் சிந்தவில்லை. ஆனால் பல வீடுகளில் கம்ப்யூட்டருக்குள் சேமித்து வைத்திருந்த படங்களும் பாட்டுகளும் காகிதங்களும் ஒரே இரவில் மாயமாய் மறைந்தன. 23 வருஷமாகச் சேர்த்த 220 ஜிகாபைட் போய்விட்டதென்று ஒருவர் முறையிட்டார். மனிதன் தன் வாழ்நாளில் கால் பங்குக்கு மேல் சேர்த்தது அது!

கம்ப்யூட்டரில் ‘ஆப்பரேட்டிங் ஸிஸ்டம்’ என்று ஒன்று இருப்பது நேயர்களுக்குத் தெரிந்திருக்கும். பெரிய குடும்பத்துக் காரியஸ்தரைப் போல அது. எந்தச் சாமான் எந்த அறையில் இருக்கிறது, யாருக்கு எதைத் திறந்துவிடலாம் என்பதெல்லாம் அதற்குத்தான் தெரியும். மைக்ரோஸாப்ட் கம்பெனியார் அந்தக் காலத்தில் தங்கள் ‘வின்டோஸ் 10’ என்ற காரியஸ்தருக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை புத்துருவம் கொடுத்து வந்தார்கள். 2018 அக்டோபர் 2-ந் தேதி வெளிவந்தது அப்படிப்பட்ட ஒரு புத்துருவந்தான்.

முதலில் அதை எல்லோர் வீட்டுக்கும் அனுப்பவில்லை. யார் தாமாகவே “புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா?” என்று பொத்தானை அமுக்கிக் கேட்டார்களோ, அவர்களுக்கு மட்டும் கொடுத்தார்கள். ஆகவே அகப்பட்டுக்கொண்டவர்கள் ஆர்வம் மிகுந்தவர்களே. சோம்பேறிகள் தப்பித்தார்கள். விதி சில சமயம் இப்படியும் வேடிக்கை பார்க்கிறது.

என்னதான் நடந்தது? இங்கேதான் கதை ருசிக்கிறது. ஹார்ட் டிஸ்க்கில் இடம் நெருக்கடியானால், ‘டாக்குமென்ட்ஸ்’, ‘பிக்சர்ஸ்’ முதலிய அறைகளை விசாலமான இன்னொரு டிஸ்க்குக்கு மாற்றிக்கொள்ள வின்டோஸில் வசதி உண்டு. மாற்றும்போது, “பழைய அறையிலுள்ள சாமான்களையும் அங்கே கொண்டுபோய் விடட்டுமா?” என்று மரியாதையாக ஒரு கேள்வி வரும். “வேண்டாம்” என்று சொல்கிறவர்களும் இருப்பார்கள் அல்லவா? அவர்களுடைய பழைய சாமான் பழைய அறையிலேயே கிடக்கும். புதுச் சாமான் புது அறையில் சேரும். இரண்டும் அவர்களுடையதே. இதில் தவறு ஒன்றுமில்லை.

அதே வருஷம் ஏப்ரலில் வந்த முந்தைய புத்துருவம், இப்படி அறை மாற்றியவர்கள் வீட்டில் பழைய இடத்திலே காலி அறைகளை உண்டாக்கி வைத்தது. “ஒரே பெயரில் இரண்டு அறை எதற்கு? வெற்று அறை கண்ணை உறுத்துகிறது” என்று ஜனங்கள் புகார் செய்தார்கள். நியாயமான புகார்தான். கம்பெனியார் அதை மதித்து, அக்டோபரில் அந்தக் காலி அறைகளை இடித்துத் தள்ளும்படி ஆணை எழுதினார்கள். ஆணையில் ‘காலி’ என்ற எண்ணம் இருந்தது. ஆனால் வேலை நடக்கும் வரிசையிலும் ஒரு மாறுதல் செய்திருந்தார்கள். இரண்டும் சேர்ந்ததில், கதவைத் திறந்து உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பாரில்லை. பழைய அறை சாமானோடு போயிற்று. புது அறைக்கு ஒரு கீறலும் இல்லை.

இதில் என் மனத்தைத் தைப்பது துஷ்டத்தனம் எதுவும் இல்லாததுதான். கதை எழுதுகிறவனுக்கு ஒரு வில்லன் கிடைத்தால் சௌகரியம். இங்கே இருப்பதோ வாடிக்கைக்காரரின் குறையைத் தீர்க்க முன்வந்த நல்ல எண்ணம் ஒன்றே.

இதே ரகத்தில் பழைய கதை இன்னொன்றும் உண்டு. 2001 நவம்பரில் ஆப்பிள் கம்பெனியார் ‘ஐட்யூன்ஸ் 2’ என்ற பாட்டுப் பெட்டியை வெளியிட்டார்கள். பழைய பிரதியை அழித்துவிட்டுப் புதியதை வைக்கும் கட்டளையில், டிஸ்க்கின் பெயரைச் சுற்றி இருக்க வேண்டிய மேற்கோள் குறிகள் விட்டுப்போயின. பெயரின் நடுவில் இடைவெளி இருந்தால், யந்திரம் அதை இரண்டு பெயராகப் படித்தது. முதல் துண்டின் பெயரில் வேறொரு பாகம் இருந்தால் அதைத் துடைத்தெறிந்தது. உடனே அதை வாபஸ் வாங்கி, திருத்திய பதிப்பை வெளியிட்டார்கள். மேற்கோள் குறியைப் பற்றி அச்சுக்கோப்பவரோடு சண்டை போடும் எழுத்தாளர்களுக்கு இது பிடித்தமான செய்தியாக இருக்கும்!

அக்டோபருக்குத் திரும்புவோம். நாலு நாளில் மைக்ரோஸாப்ட் விநியோகத்தை நிறுத்திவிட்டது. பறிகொடுத்தவர்களுக்குச் சொன்ன யோசனை விசித்திரமாகத் தோன்றும்: கம்ப்யூட்டரை முடிந்தவரையில் தொடாதீர்கள். அதில் அர்த்தம் இருக்கிறது. ஒரு பைலை அழித்தால், முதலில் போவது அதன் விலாசந்தான். எழுத்து டிஸ்க்கில் அப்படியே கிடக்கும், அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படுகிற வரையில். பதற்றத்தில் நாம் செய்கிற ஒவ்வொரு காரியமும், மீட்பதற்காக ஒரு புதுக் கருவியை அதே டிஸ்க்கில் இறக்கிக்கொள்வதுகூட, மிச்சமிருப்பதன்மேல் மண்ணைக் கொட்டுகிறது. பழைய பதிப்புக்குத் திரும்பிப் போகவும் வழியிருந்தது. ஆனால் திரும்பி வருபவர் பழைய காரியஸ்தர்; போன சாமான் அல்ல. இப்போதைய எஸ்.எஸ்.டி. வகை டிஸ்க்குகளிலோ, அழிந்த இடத்தை யந்திரமே தானாகத் துப்புரவு செய்துவிடும். அங்கே ஆசை வைப்பதற்கு அதிக இடமில்லை.

அக்டோபர் 9-ந் தேதி கம்பெனியின் அதிகாரி ஜான் கேபிள் விளக்கம் எழுதினார். பைல் போயிற்று என்று புகார் செய்தவர்கள், புத்துருவம் பெற்றவர்களில் நூற்றில் ஒரு பங்கிலும் நூறில் ஒரு பங்குதான் என்றார். அதாவது பத்தாயிரத்தில் ஒருவர். கணக்கு சரியாகவே இருக்கலாம். 23 வருஷத்தைப் பறிகொடுத்தவருக்கு அதைப் படித்துக் காட்டிப் பாருங்கள்.

ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய விஷயமாகப் படுவது வேறு. சம்பளமில்லாமல் சோதித்துப் பார்க்கும் தொண்டர் கூட்டம் ஒன்றை 2014 முதல் கம்பெனியார் வைத்திருந்தார்கள். அவர்களில் சிலர், “பைல்கள் காணாமல் போகின்றன” என்று பல மாதங்களுக்கு முன்பே எழுதிப் போட்டிருந்தார்கள். கடிதம் போய்ச் சேர்ந்தது. ஆனால் அங்கே முறைமை என்னவென்றால், எந்தப் புகாருக்கு அதிகப் பேர் கையைத் தூக்குகிறார்களோ அதுதான் மேலே வரும். பத்தாயிரத்தில் ஒருவருக்கு வருகிற ஆபத்துக்கு யார் கை தூக்குவார்கள்? நிறம் பிடிக்கவில்லை என்ற புகாருக்குக் கைகள் குவியும். வீடு தீப்பற்றியவரோ தனி ஆள். போதாக்குறைக்கு, வெளியீட்டுக்கு முன் வழக்கமாக வைக்கும் கடைசிச் சோதனைப் படியையும் அந்தத் தடவை தாண்டிவிட்டிருந்தார்கள்.

அந்த மாதமே புகார்ப் பத்திரத்தில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தார்கள்: இந்தக் குறை எவ்வளவு கடுமையானது என்று குறிப்பிடும் கட்டம். திருத்திய புத்துருவம் நவம்பர் 13-ந் தேதி மறுபடியும் வெளிவந்தது. அதற்குள் அநேகர், மூட்டை முடிச்சுகளின் நகலை வேறொரு டிஸ்க்கில் எடுத்து மேஜை அறையில் பூட்டிவிட்டுத்தான் பொத்தானை அமுக்கியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.