பட்டியலின் கடைசி வரி

பத்திரிகையொன்றில் விளையாட்டுப் பக்கத்துக்குப் பொறுப்பாயிருந்த நாட்களில், இடம் போதாத இரவுகளில் நான் முதலில் வெட்டியது புள்ளிப் பட்டியலின் கடைசி வரியைத்தான். தோற்ற அணியைக் காணவில்லையென்று எந்த வாசகரும் கடிதம் எழுதியதில்லை. அந்தப் பழைய உறுத்தல்தான், அமெரிக்க உள்ளரங்க உதைபந்தாட்டத்தின் வரலாற்றைப் படித்தபோது 1991ஆம் ஆண்டுப் பட்டியலில் என்னை நிறுத்தியது. கொலம்பஸ் தண்டர்போல்ட்ஸ்: போட்டிகள் 10, வெற்றி 0, தோல்வி 10.

இது நாமறிந்த உதைபந்தாட்டமன்று. முட்டை வடிவப் பந்தை ஏந்தி ஓடியும் எறிந்தும் முன்னேறும், றக்பிக்கு உறவான அமெரிக்க ஆட்டம். அதைக் கூரையின் கீழ் கொண்டுவந்தவர் ஜிம் பொஸ்டர். 1981 பெப்ரவரியில் நியூயோர்க்கின் மடிசன் ஸ்குயார் கார்டனில் உள்ளரங்கக் கால்பந்துப் போட்டியொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தவர், கையிலிருந்த கடித உறையில் ஒரு மைதானத்தை வரைந்தார். 1987இல் நான்கு அணிகளுடன் அரீனா உதைபந்தாட்ட லீக் ஆரம்பமாயிற்று. 100 யார் மைதானம் 50 யாராகவும், அணிக்கு 11 வீரர்கள் 8 பேராகவும் குறைந்தனர்.

இதில் ஒரு விதி முக்கியமானது. திறந்த மைதானத்தில் முன்னேற வழியற்ற அணி, பந்தைத் தூரத்துக்கு உதைத்து எதிரணியைப் பின்தள்ளிச் சற்று மூச்சு வாங்கலாம். உள்ளரங்கில் அந்த உதைக்கு அனுமதியில்லை. கோல் கம்பங்களை நோக்கி உதைத்துத் தவறினாலும், இருபுறமும் தொங்கும் வலையில் பட்டுத் திரும்பும் பந்தை எதிரணி எடுத்துக்கொண்டு ஓடலாம். பலவீனமானவர்களுக்கு ஒதுங்க இடமில்லாத ஆட்டம் இது.

1991இல் எட்டு அணிகள் மோதின. பிற்ஸ்பேர்க்கிலிருந்து புளோரிடாவுக்கு இடம்மாறிய டம்பா பே ஸ்டோம், புதிய ஊரில் தனது முதற் பருவத்திலேயே, தொடர்ந்து மூன்று முறை கிண்ணம் வென்றிருந்த டெட்ரோயிற் ட்ரைவ் அணியை 48–42 எனத் தோற்கடித்துச் சம்பியனானது. அதே ஆண்டு ஓஹாயோவின் தலைநகரான கொலம்பஸில் பிறந்த தண்டர்போல்ட்ஸ் பத்திலும் தோற்றது. பல்கலைக்கழக அணியின் ஆட்டத்துக்கே பல்லாயிரம் பேர் திரளும் ஊர் அது. அங்கே வெல்லத் தெரியாத புதிய அணி வேரூன்றுவது எளிதன்று. 1992இல் அணி கிளீவ்லாந்துக்குப் பெயர்ந்தது. 1994 பருவத்துடன் மறைந்தது.

ஒன்பது தோல்விகளின் பின்னரும் பத்தாவது போட்டிக்கு ஒருவர் ஏன் களமிறங்குகிறார்? பெரிய லீக்கின் கதவு திறக்காதவர்களுக்கு இது இன்னொரு கதவு என்பதே பதில். கிறீன் பே அணியால் 1994இல் விடுவிக்கப்பட்ட கேர்ட் வோர்னர், ஐயோவாவின் பல்பொருள் அங்காடியொன்றில் இரவில் பொருட்களை அடுக்கிப் பிழைத்தவர். 1995 முதல் 1997 வரை இதே உள்ளரங்க லீக்கில் ஆடியவர், 2000 ஜனவரியில் சென் லூயிஸ் அணியை சுப்பர் போல் வெற்றிக்கு இட்டுச்சென்றார். அப்படி ஏறியவர் மிகச் சிலரே. ஆனால் அந்தச் சிலருள் தாமும் ஒருவராகலாமென்று நம்பாமல் எவரும் அந்த மைதானத்தில் இறங்கியிருக்கமாட்டார்.

வென்றவர்களின் முடிவும் வேறாக இருக்கவில்லை. ஐந்து கிண்ணங்கள் வென்ற டம்பா பே ஸ்டோம் 2017 டிசம்பரில் ஆட்டத்தை நிறுத்திக்கொண்டது. லீக்கே 2019இல் மூடப்பட்டது. 2024இல் அதே பெயரில் எழுந்த முயற்சியும் ஒரு பருவத்தைத் தாண்டவில்லை.

அன்பர்களே, ஒரு சிறு கணக்குடன் முடிக்கிறேன். 1991இன் வழக்கமான பருவத்தில் எட்டு அணிகளும் தலா பத்து என மொத்தம் 40 போட்டிகள் ஆடின. அவற்றின் 40 வெற்றிகளில் 10 தண்டர்போல்ட்ஸ் கொடுத்தவை. கடைசி வரியை வெட்டிவிட்டால், மிஞ்சும் ஏழு அணிகளிடம் 40 வெற்றிகளும் 30 தோல்விகளும் இருக்கும். கணக்கு நேராகாது. அந்த இரவுகளில் நான் அச்சுக்கு அனுப்பிய பட்டியல்கள் எல்லாம் அப்படித்தான் இருந்தன.